தனித்திருக்கும் பிள்ளையும் தவித்திருக்கும் பெற்றோரும்

சென்ற ஆண்டு விருத்தாசலத்தில் ஒரு ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், கருவேப்பிலங்குறிச்சியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்து ஸலாம் உரைத்து நின்றார். நகரிலுள்ள பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் பணியாற்றுபவர். பொம்மைகளுக்கான பிளாஸ்டர் அச்சுகளில் களிமண் கூழை ஊற்றி எடுப்பது அவரது வேலை. தம்முடைய நான்கு வயது மகனைப் புதுச்சேரியில் மருத்துவரிடம் காட்டியதாகவும், பிள்ளைக்கு ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் கூறினார். ஆட்டிசம் என்றால் என்ன என்று அவர் வினவவில்லை. “ஹஜ்ரத், நாங்க செஞ்ச எந்தப் பாவத்துக்கு இது? அத மட்டும் சொல்லுங்க, தவ்பா செஞ்சுக்கறோம்” என்றார்.

ஸப்ர் செய்யுங்கள், அல்லாஹ் போதுமானவன் என்று அன்று நாம் அவருக்கு விடை கூறி அனுப்பினோம். கூறியது பிழையன்று, ஆனால் அவர் கேட்டதற்கு அது விடையும் அன்று. அவர் வீட்டில் நடந்துகொண்டிருந்ததைப் பின்னரே அறிந்தோம். பிள்ளையின் தாதி, மருமகளின் குற்றங்களைப் பட்டியலிட்டுக் கொண்டிருந்தார். மஃரிப் நேரத்தில் தலைவிரித்து நின்றாள்; சூலியாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்தாள்; பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு அடுப்படியில் நின்றாள். அப்பெண்ணும் அவற்றை நம்பி, பிள்ளையோடு ஓயாமல் அலைந்த உடம்போடு நஃபில் நோன்பின்மேல் நோன்பாக நோற்றுத் தம்மைத் தாமே தண்டித்துக் கொண்டிருந்தார். நாம் சொல்லி அனுப்பிய ‘ஸப்ர்’ அவ்வீட்டிற்குள் நுழைந்தபோது, ‘குற்றத்தை ஒப்புக்கொண்டு வாய்மூடி இரு’ என்ற பொருளையே அவருக்குத் தந்திருக்கிறது. அக்குறையை ஈடுசெய்யும் கடமை நமக்குண்டு. மருத்துவம் நமது துறையன்று. அத்துறையார் எழுதியவற்றைப் படித்தும், இத்தகைய பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் சிலரிடம் கேட்டும் அறிந்தவற்றை, நாம் ஓதிய கல்வியோடு சேர்த்து இங்கு எழுதுகிறோம்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘ஆட்டோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் ‘தான்’ என்பது பொருள். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஒய்கன் ப்ளாய்லர் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில், வேறொரு மனநோயின் கூறாகிய ‘தனக்குள் ஒடுங்குதலை’க் குறிக்க அதிலிருந்து ஆக்கிய சொல்லே ஆட்டிசம். தமிழில் மதியிறுக்கம் என்றும், புறஉலகச் சிந்தனையற்ற நிலை என்றும் எழுதுகின்றனர். இரண்டும் நமக்கு நிறைவளிக்கவில்லை. இப்பிள்ளைகளின் மதி இறுகிப் போனதுமில்லை, புறவுலகு அவர்களை எட்டாமல் இருப்பதுமில்லை. பலருக்குப் புறவுலகு அளவுக்கு மீறி எட்டுவதே துன்பம். அரபியில் இதற்கு வழங்கும் சொல் ‘தவஹ்ஹுத்’. ‘தவ்ஹீத்’ பிறந்த அதே வேரிலிருந்து பிறந்த இச்சொல், தனித்திருத்தலைக் குறிப்பது. 12ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் வாழ்ந்த தத்துவஞானி இப்னு பாஜ்ஜா, ‘தத்பீருல் முதவஹ்ஹித்’ என்றொரு நூல் இயற்றினார். குறைபாடுள்ள சமுதாயத்தில் தனித்து நிற்கும் அறிஞன் தன்னை எவ்வாறு நடத்திக்கொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள். இன்றைய மருத்துவச் சொல்லுக்கும் அந்நூலுக்கும் தொடர்பில்லை. ஆயினும், ‘முதவஹ்ஹித்’ என்ற சொல்லைக் கேட்டதும் அறிஞனை நினைத்த ஒரு மொழி, இன்று அதே சொல்லால் இக்குழந்தைகளை அழைப்பது அரபி பயிற்றுவோருக்கு ஓர் ஆறுதல்.

ஆட்டிசம் என்பது தொற்றும் நோயன்று. பிறந்தபின் பிடித்துக்கொண்ட பேயுமன்று. மூளை வளரும் விதத்திலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, முகம் பார்த்துச் சிரிக்காமை, ஒன்றரை வயதாகியும் விரும்பிய பொருளை விரல் நீட்டிக் காட்டாமை, பேச்சு வராமை அல்லது வந்த பேச்சு நின்றுபோதல், கைகளை உதறுதல், விளையாட்டு வண்டியை ஓட்டாமல் அதன் சக்கரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டிருத்தல், வழக்கமான பாதை மாறினால் நிலைகுலைதல், குக்கர் விசிலுக்கும் ஒலிபெருக்கிக்கும் காதைப் பொத்திக் கதறுதல் முதலியன அடையாளங்கள். எல்லாம் எல்லாரிடத்தும் இரா. ஆயுள் முழுதும் பேசாதவரும் உண்டு. பட்டம் பெற்றுப் பணியாற்றுபவரும் உண்டு. ஆகவேதான் ஒரு நோயின் பெயராகக் கொள்ளாமல், வானவில்லின் நிறமாலைபோல் விரிந்த ஒன்றாக மருத்துவர் இதனைக் கருதுகின்றனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் உலகில் 127 பேரில் ஒருவர் ஆட்டிசம் உடையவர். நமது மஹல்லாக்களின் வீட்டு எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால், இத்தகையோர் ஒருவரும் இல்லாத மஹல்லா அரிதாகவே இருக்கும். நாம் அவர்களைப் பார்த்ததில்லை என்றால், அவர்கள் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்பதே காரணம்.

மக்தப் மாணவர் ஒருவர் இப்போது நம் நினைவுக்கு வருகிறார். பல ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி. யாஸீன் ஸூராவை ஒருமுறை கேட்டு ஏறக்குறைய முழுவதும் ஒப்பிப்பார். தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாது. “உன் பெயர் என்ன?” என்று கேட்டால், “உன் பெயர் என்ன?” என்றே திருப்பிச் சொல்வார். அவருடைய மனனத்தைக் கராமத் என்று சிலர் போற்றினர். திருப்பிச் சொல்வதைத் திமிர் என்று நாம் எண்ணிப் பிரம்பை எடுத்ததுண்டு. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது இப்பிள்ளைகள் பேசக் கற்கும் வழிகளுள் ஒன்று என்பதை அன்று நாம் அறியவில்லை.

இனி அந்த இளைஞரின் வினாவுக்கு வருவோம். பெற்றோர் மீது பழி சுமத்தியது கிரகணத்தையும் கண்ணேறையும் நம்பும் கிராமத்துத் தாதிமார் மட்டுமல்லர். மெத்தப் படித்த அமெரிக்காவும் அதையே செய்தது. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர், 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறைக்கு அடித்தளம். இது பிறவியிலேயே அமைந்தது என்று அக்கட்டுரையில் எழுதிய அவரே, அக்குழந்தைகளின் பெற்றோர் உணர்ச்சி வறண்டவர்கள் என்றும் குறிப்பிட்டார். பின்னர் எழுதியவற்றில் அக்குறிப்பே ஓங்கியது. ‘குளிர்பதனப் பெட்டித் தாய்’ என்றொரு பட்டம் உருவாயிற்று. தாயின் அன்பில் சூடு இல்லாததால் பிள்ளை தனக்குள் ஒடுங்கிற்று என்பது அதன் கருத்து. சிகாகோவில் சிறப்புப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் இக்கருத்தை 1967இல் ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார். நாஜிகளின் வதைமுகாம்களில் அடைபட்டு மீண்டவர் அவர். முகாமில் மனமுடைந்த கைதிகளின் நிலைக்கு இக்குழந்தைகளின் நிலையை ஒப்பிட்டார். அவ்வாறாயின் காவலாளி யார்? ஈன்ற தாய் என்றாயிற்று. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பதே மருந்து என்றும் கருதப்பட்டது.

இப்பழியைத் தகர்க்கும் போரில் முன்னின்றவர்கள் பெற்றோரே. அமெரிக்கக் கடற்படையில் உளவியலராக இருந்த பெர்னார்டு ரிம்லண்டின் மகனுக்கு ஆட்டிசம் இருந்தது. தம் மனைவியின் அன்பில் குறையில்லை என்பதைக் கண்ணால் கண்டவர் அவர். கிடைத்த ஆய்வுகளையெல்லாம் ஆண்டுக்கணக்கில் தேடிப் படித்து, தாய் காரணம் என்பதற்குச் சான்று ஏதுமில்லை என 1964இல் நூல் எழுதினார். அதற்கு முன்னுரை வழங்கியவர் கானரே. மறு ஆண்டில் பெற்றோருக்கென ஒரு தேசியச் சங்கமும் உருவாயிற்று. இங்கிலாந்தில் 1962இலேயே பெற்றோர் சங்கம் கண்டுவிட்டனர்; அதில் ஈடுபட்ட லோர்னா விங் மனநல மருத்துவர், ஆட்டிசம் கொண்ட ஒரு மகளின் தாயும் ஆவார். ஆட்டிசத்தை விரிந்த நிறமாலையாகக் காணும் பார்வை அவரது ஆய்வால் நிலைபெற்றது. 1977இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் ஆகிய இருவர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் 11 இணைகளுள் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறில்லை. மரபணுக்களின் பங்கு அதனால் வெளிப்பட்டது. அதற்கு முன்பே, 1969இல், அமெரிக்கப் பெற்றோர் சங்கத்தின் கூட்டத்தில் பேசிய கானர், பெற்றோராகிய உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்ற கருத்துப்பட அறிவித்தார். அவையிலிருந்த தாய்மார் அதனை எவ்வாறு கேட்டிருப்பர் என்பதை நம்மால் ஊகிக்க முடிகிறது.

தடுப்பூசி பற்றிய ஐயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவர் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சிட்டு லான்செட் இதழில் எழுதினார். அதில் முறைகேடுகள் கண்டறியப்பட்டு, 2010இல் அவ்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவரது மருத்துவப் பதிவும் அதே ஆண்டில் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வு, தொடர்பு ஏதுமில்லை என்றே காட்டிற்று. 2017இல் தமிழகத்தில் தட்டம்மை – ரூபெல்லாத் தடுப்பூசி போடப்பட்டபோது நம்மவர் கைப்பேசிகளில் சுற்றிய வதந்திகளை எண்ணி நாம் வெட்கப்பட வேண்டியிருக்கிறது.

மருத்துவம் விடுவித்துவிட்டது, மார்க்கம் என்ன கூறுகிறது? பெற்றோரைக் குறைகூறுவோர் கையில் எடுப்பது அஷ்ஷூரா அத்தியாயத்தின் 30ஆம் வசனம். மனிதருக்கு நேரும் துன்பம் அவர்தம் கைகள் தேடிக்கொண்டதன் விளைவு என்ற கருத்து அதில் வருகிறது. இதனை மேடையில் ஓதிவிட்டு விளக்கமின்றி இறங்கிவிடுவோர் பலர். நமது மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் தஃப்ஸீர் நூலில் இமாம் பைளாவி (ரஹ்) இவ்விடத்தில் தெளிவாக எழுதுகிறார்கள்: இவ்வசனம் குற்றவாளிகளுக்கே உரியது, மற்றவர்களுக்கு நேரும் துன்பங்களுக்கு வேறு காரணங்கள் உண்டு, பொறுமையின் வழியாகப் பெருங்கூலியை அடையச் செய்வது அவற்றுள் ஒன்று. அவ்வாறு கொள்ளாவிடில், அய்யூப் (அலை) அவர்களின் நோயையும் யஃகூப் (அலை) அவர்களின் கண்ணீரையும் என்னவென்று சொல்வது? மேலும், ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் விதி. தாயின் பாவத்துக்காகப் பிள்ளையின் மூளை தண்டிக்கப்படுகிறது என்பவர், அறியாமலே அவ்விதியை மறுக்கிறார். ஃபிக்ஹு கலையில் ‘பராஅத்துத் திம்மா’ என்றோர் அடிப்படை உண்டு. சான்று நிறுவப்படும்வரை எவரும் பொறுப்பிலிருந்து விடுபட்டவரே. உதுமானியரின் ‘மஜல்லா’ச் சட்டத் தொகுப்பில் இது எட்டாம் விதி. நூறு ரூபாய்க் கடனுக்கே சான்று கேட்கும் நாம், ஒரு தாயின் தலையில் பிள்ளையின் வாழ்வையே கடனாக ஏற்றுவதற்கு எந்தச் சான்றையும் கேட்பதில்லை.

குற்றவுணர்வு வேறு, துயரம் வேறு. முன்னதை விலக்கச் சொல்லும் நாம், பின்னதை விலக்கச் சொல்ல மாட்டோம். மருத்துவர் பெயர் சொன்ன அன்று பெற்றோர் இழப்பது பிள்ளையை அன்று. பிள்ளையைப் பற்றித் தாம் கட்டி வைத்திருந்த கனவை. அத்துயரத்துக்கு ஜனாஸா இல்லை, மூன்று நாள் துக்கம் இல்லை, வந்து தேற்றுவோரும் இல்லை. பிள்ளையோ எதிரிலேயே நின்று கையை உதறிக்கொண்டிருக்கிறது. நம்மிடம் பேசிய தந்தையருள் சிலர், ஓராண்டுவரை மருத்துவரின் தாளை மடித்துப் பையிலேயே வைத்திருந்ததாகக் கூறினர். அத்தாவுக்குத் தாமதமாகத்தான் பேச்சு வந்தது என்ற வீட்டுக் கதையைப் பற்றிக்கொண்டு காத்திருந்திருக்கின்றனர். தாய்மார் வேறுவிதம். அவர்களுக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. சொன்னால் நம்புவோர் இல்லை.

இத்துயரத்துக்குக் குர்ஆனில் ஓர் இடமுண்டு. கஸஸ் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களின் அன்னை, குழந்தையை ஆற்றில் விட்டபின், அவருடைய உள்ளம் வெறுமையாகிவிட்டதாக இறைவன் கூறுகிறான். இறைவனிடமிருந்தே வாக்குறுதி பெற்றிருந்த பெண்மணி அவர். பிள்ளை திரும்பி வரும் என்று அவருக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் உள்ளம் வெறுமையாயிற்று. உண்மையை வெளியே சொல்லிவிடும் அளவுக்கு நிலைகுலைந்தார். அதற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. அவருடைய உள்ளம் உறுதிப்படுத்தப்பட்டது என்றே வசனம் தொடர்கிறது. அடுத்த வசனத்தில் அவர் செய்வதைக் கவனிக்க வேண்டும். மூத்த மகளை அழைத்து, தம்பியைப் பின்தொடர்ந்து போய்ப் பார் என்று அனுப்புகிறார். அச்சகோதரி தொலைவிலிருந்தே பார்த்துச் சென்று, எவரிடமும் பால் அருந்தாத குழந்தைக்குத் தாயின் மடியை மீட்டுத் தருகிறார். வெறுமையான உள்ளமும் ஓர் ஆளை அனுப்பித் தேடும் செயலும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஸப்ர் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் அறியோம். தாயால் இயலாத இடத்தில் வீட்டிலுள்ள வேறொருவர் ஓடியிருக்கிறார் என்பதையும், குறிப்பாகத் தந்தையரும் தாதிமாரும், கவனிக்க வேண்டும்.

தேடல் எங்கே போகக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓதிப் பார்ப்பது ஆகுமானதே. பிள்ளையின் தலையில் கைவைத்து ஃபாத்திஹா ஓதி ஊதும் தாயைத் தடுப்போர் இல்லை. ஆனால் ஜின் பிடித்திருக்கிறது என்று கூறிப் பிள்ளையை அடிப்பதும், புகையில் முகத்தைப் பிடிப்பதும், நாற்பது நாள் கட்டிவைப்பதும் மார்க்கத்தின் பெயரால் செய்யப்படும் கொடுமைகள். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் மனநோயாளர் விடுதி ஒன்றின் கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் போயின. அவர்களுடைய நோய் வேறு. எனினும் அவர்களைச் சங்கிலிவரை கொண்டு சேர்த்த அறியாமை ஒன்றே. மருத்துவத்தின் பெயராலும் ஏமாற்று உண்டு. ஸ்டெம் செல் செலுத்தினால் ஆட்டிசம் மறைந்துவிடும் என்று விளம்பரம் செய்து லட்சக்கணக்கில் வாங்குகின்றனர். ஆட்டிசத்துக்கு அச்சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதன்று எனத் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இல் தெரிவித்திருக்கிறது. நிலத்தை விற்பதற்கு முன் இதனை அறிந்துகொள்வது நலம்.

முற்றிலும் மறையச் செய்யும் மருந்து இல்லை. பயிற்சியால் வளர்ச்சி உண்டு. எவ்வளவு இளமையில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று. பேச்சுப் பயிற்சி, தொழில்வழிப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியன அதற்கான வழிகள். சென்னைக்குக் குடிபெயர்ந்தால்தான் இவை கிட்டும் என்று எண்ணிச் சோர்வோருக்கு ஒரு செய்தி. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உடைய 65 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது, 2016இல் வெளியாயிற்று. வல்லுநரல்லாத, பயிற்சி பெற்ற நலப் பணியாளர்கள் ஆறு மாதங்களில் பன்னிரண்டு அமர்வுகளில் பெற்றோரைச் சந்தித்தனர். பிள்ளையோடு பெற்றோர் விளையாடுவதைப் படம்பிடித்து, அவர்களுக்கே காட்டி, பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைத் தொடர்ந்து பேசக் கற்றுக் கொடுத்தனர். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து உரையாடும் அளவு தெளிவாகக் கூடிற்று. பிள்ளைகள் தாமாகப் பெற்றோரை நாடுவதும் மிகுந்தது. ஒரு காலத்தில் எந்தப் பெற்றோரைக் காரணம் என்றார்களோ, அவர்களே இன்று கருவியாகின்றனர்.

வீட்டில் செய்யத் தக்கவை எளியன. நீண்ட சொற்றொடர் வேண்டா. “வா, சாப்பிடு” போதும். செம்பின் படத்தைக் காட்டித் தண்ணீர் கேட்கப் பழக்கலாம். படம் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற அச்சம் தேவையற்றது. நாளின் ஒழுங்கு மாறாதிருப்பது இப்பிள்ளைகளுக்கு அமைதி தரும். ஐவேளைத் தொழுகையால் நேரம் பிரிக்கப்பட்ட வீட்டில் அவ்வொழுங்கு ஏற்கனவே இருக்கிறது. வுளூவின் வரிசையைப் படங்களாக ஒட்டிவைத்துப் பிள்ளையைப் பழக்கிய தந்தை ஒருவரை நாம் அறிவோம். தமிழில் படிக்க விரும்புவோருக்கு எழுத்தாளர் யெஸ். பாலபாரதி எழுதிய ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ என்ற நூலைப் பரிந்துரைப்போம். ஆட்டிசம் உடைய மகனை வளர்க்கும் தந்தையாகிய அவர், ‘துலக்கம்’ என்னும் புதினத்தையும் இப்பொருளில் எழுதியிருக்கிறார்.

அரசு தரும் உரிமைகளையும் கேட்டுப் பெற வேண்டும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகச் சான்றும் அடையாள அட்டையும் பெறலாம். சான்று வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும், தங்கையின் நிக்காஹ் தடைபடும் என்று அஞ்சித் தவிர்ப்போர் பலர். இழப்பு பிள்ளைக்குத்தான். வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர் இருக்கின்றனர். பள்ளி சேர்க்க மறுத்தால் அவர்களை நாடலாம். கடலூர் மாவட்டத்தார்க்குச் சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரியும், புதுச்சேரி ஜிப்மரும் எட்டும் தொலைவில் உள்ளன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது.

பெற்றோரின் நெஞ்சை இரவில் அழுத்தும் வினா ஒன்றுண்டு: நமக்குப் பின் யார்? இதில் ஃபிக்ஹு நமக்குக் கைகொடுக்கிறது. உஸூல் நூல்களில், கடமையைத் தாங்கும் தகுதி இருவகைப்படும். உரிமை பெறும் தகுதி பிறந்த ஒவ்வொருவருக்கும் உண்டு. செயலுக்குப் பொறுப்பேற்கும் தகுதி அறிவைப் பொறுத்தது. ‘நூருல் அன்வார்’ ஓதியோர், அறிவு மங்கிய ‘மஃதூஹ்’ என்பவர் பகுத்தறியும் சிறுவரின் நிலையில் வைக்கப்படுவதை அறிவர். ஆட்டிசம் உடையோர் அனைவரும் இவ்வகையினர் அல்லர். அறிவு நிறைந்தோர்க்குத் தொழுகையும் நோன்பும் மற்றவர்க்குப் போன்றே கடமை. ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஆனால் எந்நிலையினராயினும் வாரிசுரிமை குறையாது. பைத்தியக்காரனுக்குச் சொத்து எதற்கு என்று கூறி அண்ணன்மார் எழுதி வாங்குவது ஹராம். வாரிசுக்கு வஸிய்யத் எழுதுவதற்கு மற்ற வாரிசுகளின் இசைவு வேண்டும். ஆனால் வாழ்நாளில் வழங்கும் ஹிபாவில், தீரா நோயோ பார்வையின்மையோ தேவையோ உள்ள பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று இமாம் இப்னு குதாமா (ரஹ்) ‘முஃக்னி’யில் இடமளிக்கிறார்கள். பதினெட்டு வயதுக்குப் பின், மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவின் வழியாகச் சட்டப்படியான பாதுகாவலரை நியமித்துக்கொள்ளத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழிசெய்கிறது. உறவினரின் வாய்ச்சொல்லோடு நில்லாமல் இவற்றை எழுத்தில் வைத்தால், பெற்றோர் ஓரளவு உறங்கலாம்.

இறுதியாகப் பள்ளிவாசல். நாம் பேசிய தந்தையர் அனைவரும் ஏறக்குறைய ஒரே நிகழ்ச்சியைக் கூறினர். பிள்ளையை அழைத்துச் சென்றோம். ஸஃப்பில் நின்று கையைத் தட்டினான், ஓடினான். பெரியவர் ஒருவர் ஸலாம் கொடுத்ததும் திரும்பி, இதையெல்லாம் ஏன் இங்கே கொண்டுவருகிறாய் என்றார். அன்றோடு பிள்ளையும் போகவில்லை, சில இடங்களில் தந்தையும் போகவில்லை. குழந்தைகளையும் மனநிலை பிறழ்ந்தோரையும் பள்ளிவாசலிலிருந்து விலக்கி வைக்குமாறு கூறும் ஒரு செய்தி இப்னு மாஜாவில் இருப்பது உண்மை. ஆனால் அதன் தொடரில் ஹாரிஸ் இப்னு நப்ஹான் போன்ற பலவீனமானவர்கள் இடம்பெறுகின்றனர். ஹதீஸ்கலை அறிஞர் அதனைப் பலவீனமானது என்றே முடிவு செய்தனர். பள்ளி அசுத்தமாகும் என்று அஞ்சும் இடத்தில் ஃபுகஹாக்கள் தடுத்திருப்பது வேறு செய்தி. மறுபக்கம் புகாரியில் நாம் காண்பது என்ன? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே தொழவைத்தார்கள். நீட்டித் தொழ எண்ணி நின்றும், குழந்தையின் அழுகுரல் கேட்டதும், தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள். தாய் குழந்தையைப் பள்ளிக்கு ஏன் கொண்டுவந்தாள் என்று அவர்கள் கேட்டதாக எங்கும் இல்லை.

ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி இன்னும் நெருக்கமானது. அறிவில் ஏதோ குறையிருந்த ஒரு பெண்மணி, தமக்கொரு தேவை இருப்பதாக அண்ணலாரிடம் வந்தார். எந்தத் தெருவோரம் உனக்கு விருப்பமோ அதைச் சொல் என்றார்கள் பெருமானார் (ஸல்). அவர் தேர்ந்த வழியிலேயே அவரோடு சென்று, அவர் தம் தேவையைச் சொல்லி முடிக்கும்வரை தனியே நின்று கேட்டார்கள். அப்பெண்ணின் பெயரும் தேவையும் நமக்குச் சொல்லப்படவில்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு வழங்கப்பட்டது என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது.

கருவேப்பிலங்குறிச்சி இளைஞரைப் பிறகு ஒருநாள் வீட்டிலேயே சென்று கண்டோம். மேலே எழுதியவற்றுள் பெரும்பகுதியை அவருடைய மனைவியும் தாயாரும் கேட்கச் சொன்னோம். பிரம்பெடுத்த செய்தியையும் மறைக்கவில்லை. இப்போது அவர் வார நாள்களில், கூட்டம் குறைந்த அஸருக்குப் பிள்ளையை அழைத்து வருகிறார். முத்தவல்லியிடம் பேசியதில் அந்நேரத் தொழுகைக்கு உள் ஒலிபெருக்கி வேண்டா என்று முடிவாயிற்று. பிள்ளை கடைசி ஸஃப்பில் சுவரோரம் நிற்கிறான். ருகூஉ, ஸஜ்தா ஒன்றும் செய்வதில்லை. சுட்டெடுத்து மெருகு பூசாத சிறு பீங்கான் துண்டு ஒன்றைத் தந்தை தொழிற்கூடத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதன் சொரசொரப்பைக் கட்டைவிரலால் தடவியபடி தொழுகை முடியும்வரை நின்றுவிடுகிறான். தாதி இன்னும் அவன் இடுப்பில் முடிச்சிட்ட கறுப்புக் கயிறு கட்டுவதை விடவில்லை. ஆனால் செம்புப் படம் ஒட்டிய அட்டையை முந்தானையில் முடிந்து வைத்திருப்பவரும், அவன் அதைத் தொடும்வரை தண்ணீரைக் கையில் ஏந்திக் காத்திருப்பவரும் அவரே.